வேலியோரத்து வெள்ளிக்கிழமைகள்

ரஃபா
6 நவம்பர் 1987

அன்புத் தம்பி ஃபக்ரிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே எல்லோரும் இறைவன் கிருபையில் சுகம். நீயும் இன்ஸாஃபும் பிள்ளைகளும் சுகம்தானே?

உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. கல்லெறிந்தால் விழும் தூரத்தில் இருப்பவனுக்கு எதற்குக் கடிதம் என்றுதான் இத்தனை வருடமும் இருந்தேன். இப்போது எழுத வைத்துவிட்டாய். சில வாரமாக நீ வேலிக்கு வருவதில்லை. இன்றும் ஜும்ஆ தொழுகை முடிந்ததும் போய் நின்றேன். உன் பக்கத்தில் முகாமே திரண்டு நிற்கிறது, நீ மட்டும் இல்லை. இன்ஸாஃப் வந்து கையை ஆட்டினாள். "ஃபக்ரி எங்கடீ?" என்று தொண்டை கிழியக் கத்தினேன். காதைத் தொட்டுக் காட்டிவிட்டுப் போய்விட்டாள். கேட்கவில்லையாம்!

நீ இல்லாமல் வேலியில் ஒரு காரியமும் ஓடவில்லை. மத்தி மீன் கூவி விற்ற தொண்டை உனக்கு. இரண்டு கம்பிவேலிக்கும் நடுவில் ஓடும் ரோந்து ஜீப்பையும் தாண்டி உன் குரல் வந்துவிடும். மற்றவர்கள் கத்துவதில் பாதி வழியிலேயே உதிர்ந்துவிடுகிறது. உம்மு ஜாபிருடைய மகளுக்கு உங்கள் பக்கத்தில் குழந்தை பிறந்ததல்லவா? யாரோ "பேரன் பொறந்துட்டான்" என்று கத்தியிருக்கிறார்கள். இவள் காதில் "எறந்துட்டான்" என்று விழுந்திருக்கிறது. ஒரு வாரம் முழுக்க அந்த வீட்டில் அழுகை. அடுத்த வெள்ளி குழந்தையைத் தூக்கிக் காட்டிய பிறகுதான் நின்றது. "அந்த மீன்காரனை வரச் சொல்லு, இல்லாட்டி எங்களை எல்லாம் கொன்னுடுவாங்க போலிருக்கு" என்கிறாள்.

என் மேல் ஏதாவது கோபமா? இன்ஸாஃப் சமைத்த பூசணியைப் பற்றி எல்லோர் காதிலும் விழும்படி நான் கத்தியதற்காகவா? அது சும்மா கேலிக்குச் சொன்னது.

எல்லை வாயில் வழியாக நாளை உங்கள் பக்கம் போகும் அபூ ஸப்ரியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். முன்தர் உனக்கு ஸலாம் சொன்னான். தாய்மாமன் இல்லாமல் வேலி ஊமையாகக் கிடக்கிறதாம்.

உன் அக்கா,
நஸ்மிய்யா

•

கனடா முகாம்
28 நவம்பர் 1987

என் அக்கா நஸ்மிய்யாவுக்கு,

வ அலைக்குமுஸ் ஸலாம். எல்லோரும் நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

கோபம் ஒன்றுமில்லை. பூசணியைப் பற்றி நீ சொன்னது உண்மை என்று இன்ஸாஃபே ஒப்புக்கொள்கிறாள். எனக்கு அரீஷில் ஒரு வெங்காயக் கிட்டங்கியில் வேலை கிடைத்திருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில்தான் லாரிகள் வருகின்றன. அதனால்தான் வரமுடியவில்லை. கொஞ்சம் ஜலதோஷமும் கூட.

குவைத்திலிருக்கும் நம் சித்தப்பா மகன் இங்கே ஒருவருக்கு எழுதியிருக்கிறான்: "ஃபக்ரி கனடாவில் இருக்கிறானாமே, எனக்கும் விசா வாங்கித் தரச் சொல்லு." ஐ.நா. படையின் கனடாக்காரர்கள் கூடாரமடித்த மணல்மேட்டுக்கு இப்படி ஒரு அதிர்ஷ்டம். அவனுக்கு யார் போய்ச் சொல்வது? நாற்பத்தெட்டில் நம் ஊர் யிப்னாவிலிருந்து துரத்தியபோது உன் இடுப்பில் உட்கார்ந்து ரஃபாவுக்கு வந்தேன். எழுபத்தொன்றில் ஜீப் போகத் தெருவை அகலப்படுத்துகிறோம் என்று வீட்டை இடித்து இங்கே கொண்டுவந்து விட்டார்கள். அப்போதும் இது ரஃபாதான், உன் வீட்டுக்கு நடந்தே வருவேன். எண்பத்திரண்டில் ஊருக்கு நடுவே புது எல்லை போட்டார்கள்; நான் எங்கும் போகவில்லை, கம்பிதான் வந்தது. ஒருநாள் காலையில் எழுந்து பார்த்தால் எகிப்தில் இருக்கிறேன்.

குழந்தை ஆண்தான், கொழுகொழுவென்று இருக்கிறான், பெயர் ரஸ்மி என்று உம்மு ஜாபிரிடம் சொல். கல்லில் காகிதம் சுற்றி எறிய யாரையும் விடாதே. போன தடவை காவல் கோபுரத்துச் சிப்பாய் சுட்டது நினைவிருக்கட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ஃபக்ரி

•

ரஃபா
22 ஜனவரி 1988

அன்புத் தம்பிக்கு,

ஸலாம். உன் ஜலதோஷம் போயிற்றா? எங்களுக்கு ஒரு குறையுமில்லை.

பதில் எழுதத் தாமதம். டிசம்பரில் பையன்கள் ராணுவத்தின் மேல் கல்லெறியத் தொடங்கியதிலிருந்து இங்கே நடப்பதை நீ அங்கிருந்தே பார்த்துக்கொண்டிருப்பாய். ஊரடங்கு போடுகிறார்கள், எடுக்கிறார்கள், நான் ரொட்டி மாவு பிசைந்து முடிப்பதற்குள் மறுபடி போடுகிறார்கள். வாளியை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போவதா வேண்டாமா என்று வாசலில் நின்றே பொழுது போகிறது. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை. முன்தர் நன்றாக இருக்கிறான். வெளியே போக முடியாததால் சாப்பிடுகிறான், தூங்குகிறான்.

ஊரடங்கு இல்லாத வெள்ளியன்று வேலிக்கு வந்தேன். நீ இல்லை. ஃபக்ரி, அபூ ஸப்ரி அரீஷுக்குப் போனபோது வெங்காயக் கிட்டங்கியில் உன்னை விசாரித்திருக்கிறார். "அப்படி ஒரு ஆளே இங்க வேலை பார்க்கலையே" என்று சொல்லிவிட்டார்களாம். இன்ஸாஃப் அன்று கறுப்புத் துணி போட்டிருந்தாள். கையைக்கூட ஆட்டவில்லை.

நீ எங்கே இருக்கிறாய்? உண்மையை எழுது.

உன் அக்கா

•

கனடா முகாம்
18 பிப்ரவரி 1988

அக்காவுக்கு,

ஸலாம். நான் நலம். முன்பைவிட எடை கூடியிருக்கிறேன்.

அபூ ஸப்ரி வேறு கிட்டங்கியில் கேட்டிருப்பார். அரீஷில் வெங்காயத்துக்கா பஞ்சம்?

உங்கள் பக்கம் எரியும் டயர்ப் புகை இங்கே கொடியில் காயும் துணியில் படிகிறது. துப்பாக்கிச் சத்தம் கேட்டால் இங்கே எல்லோரும் வாசலுக்கு வந்து நிற்கிறோம். எந்தத் தெரு என்று பந்தயம் கட்டாத குறை. உன் தெருவா என்று கேட்க வழியில்லை.

முன்தர் ஏன் வேலிக்கு வருவதில்லை என்று இன்ஸாஃப் கேட்கிறாள். உன் பக்கத்தில் நின்று சூரியகாந்தி விதை கொறித்துத் துப்பிக்கொண்டே இருப்பானே. அவ்வளவு தூங்குகிறவன் இல்லையே அவன்?

ஃபக்ரி

•

ரஃபா
12 மார்ச் 1988

இன்ஸாஃபுக்கு,

ஸலாம். பிள்ளைகள் சுகமா?

சுற்றி வளைத்து எழுத எனக்கு வராது. ஃபக்ரி பெயரில் வரும் கடிதங்களை எழுதுவது யார்? அவன் வளர்ந்த பிறகு அவன் கையெழுத்தை நான் பார்த்ததே இல்லை. வேலியில் கத்திக்கொண்டிருந்தவர்களுக்குக் கையெழுத்து எதற்கு? அதனால் என்னை ஏமாற்றுவது சுலபம்.

என் தம்பி உயிரோடு இருக்கிறானா இல்லையா, அதை மட்டும் சொல். அவனை மண்ணில் வைத்துவிட்டு, அக்காவுக்குத் தெரிந்தால் தாங்கமாட்டாள் என்று நீயாகவே வெங்காயம், லாரி, எடை கூடியது என்று எழுதிக்கொண்டிருந்தால், அதைவிடப் பெரிய பாவம் இல்லை. நீ எப்போதுமே இப்படித்தான். வாயைத் திறக்காமலே காரியத்தை நடத்திக்கொள்வாய். உன் கல்யாணத்தின்போதே அம்மாவிடம் இதைச் சொன்னேன்.

ஒரே ஒரு கேள்வி. என் இடது கையில் பெருவிரலுக்குக் கீழே ஒரு தழும்பு உண்டு. அது எப்படி வந்தது? அவன் இருந்தால் அவனுக்குத் தெரியும். பதில் வராவிட்டால் நான், கைம்பெண் இருக்கவேண்டிய இத்தாக் காலம்கூட முடிந்துபோன உன் வீட்டுக்குத் துக்கம் விசாரிக்க அனுமதி கேட்டு மனு போடுவேன்.

நஸ்மிய்யா

•

கனடா முகாம்
3 ஏப்ரல் 1988

உம்மு முன்தர் நஸ்மிய்யா அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பிள்ளைகள் சுகம். நீங்களும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன்.

இது என் கையெழுத்து. இதோடு இருக்கும் தாள் அவருடையது. வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தழும்பு கழுதை கடித்ததால் வந்தது. இந்த வீட்டில் நான் கேள்விப்பட்டது அதுதான். நான் எழுதியிருந்தால் கழுதை என்றுதான் எழுதியிருப்பேன், நீங்களும் என்னைக் கைம்பெண் என்றே முடிவுகட்டியிருப்பீர்கள்.

நான் கறுப்பு உடுத்தியது என் சின்னம்மாவுக்காக. கான்யூனிஸில் இறந்துபோனார். உங்கள் பக்கம்தான். பேருந்தில் ஏறினால் போய்விடலாம். நீங்கள் துக்கத்துக்குப் போயிருப்பீர்கள், வேலியில் எனக்கு அதைப் பற்றிச் சொல்வீர்கள் என்று காத்திருந்தேன்.

மற்றதை அவரே எழுதியிருக்கிறார். எழுதச் சொல்லி மாதக்கணக்காகச் சண்டை போட்டது நான்தான்.

இன்ஸாஃப்

•

அக்கா,

கழுதை இல்லை. நான்.

ஐம்பத்தாறு. நவம்பர். ஆண்களெல்லாம் பள்ளிக்கூடத்துக்கு வரவேண்டும் என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு ராணுவ ஜீப் போனது. அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அம்மா உள்ளே தம்பிப் பாப்பாவோடு. நான் அவர் பின்னால் ஓடினேன். நீ என் பின்னால் ஓடிவந்து என்னை இழுத்துக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டுக் கோழிக்கூண்டுக்குள் தள்ளி, நீயும் உள்ளே வந்தாய். பலகை இடுக்கு வழியாகத் தெரு தெரிந்தது. கையைத் தலையில் வைத்துக்கொண்டு ஆண்கள் ஓடினார்கள். அப்பா நம்மைத் தாண்டித்தான் போனார். "யாபா" என்று கத்த வாயைத் திறந்தேன். நீ கையால் என் வாயை அடைத்தாய். நான் கடித்தேன். ரத்தம் என் வாய்க்குள் வந்தது. நீ கையை எடுக்கவில்லை. கோழிகள்கூடச் சத்தம் போடவில்லை அக்கா.

அப்பா திரும்பி வரவில்லை. அம்மாவிடம் கழுதை என்று சொன்னது நீ. நானும் அதையே சொன்னேன்.

போதுமா? நான்தான். உயிரோடு இருக்கிறேன்.

இனி மற்றது. என் தொண்டையில் கட்டி. செப்டம்பரிலேயே குரல் கரகரத்தது. கத்திக் கத்தி வந்தது என்று நினைத்தேன். கெய்ரோவில் அறுத்தார்கள். குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஓட்டை இருக்கிறது, மூச்சு அது வழியாக. வெங்காயக் கதையை எழுதியது ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு. பக்கத்துக் கட்டில்காரர் உண்மையிலேயே வெங்காய வியாபாரி, அவரிடமிருந்து எடுத்துக்கொண்டேன்.

வேலிக்கு வந்து நான் என்ன செய்ய? எல்லோரும் கத்திக்கொண்டிருக்கும் இடத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றால், அங்கிருந்து பார்க்கும் உனக்கு நான் என்னவாகத் தெரிவேன்? அதனால்தான். முகாமில் ஒருவரும் உனக்குச் சொல்லக் கூடாது என்று எழுதிக் கேட்டுக்கொண்டேன், அபூ ஸப்ரியையும் வாசலோடு அனுப்பிவிடுவோம்.

இன்ஸாஃபிடம் மன்னிப்புக் கேள்.

ஃபக்ரி

•

ரஃபா
2 மே 1988

என் கண்ணான தம்பிக்கும், இன்ஸாஃபுக்கும்,

ஸலாம். நோன்பு எப்படிப் போகிறது? உனக்கு மருத்துவர் நோன்பு வைக்க அனுமதித்தாரா? வைக்காதே. பிள்ளைகளுக்கு என் முத்தங்கள்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு வீட்டைக் கூட்டினேன். கூட்டிய வீட்டையே மறுபடி கூட்டினேன். பிறகு பேருந்தேறி கான்யூனிஸுக்குப் போனேன். இன்ஸாஃப், உன் சின்னம்மாவின் மகளைப் பார்த்தேன். கடைசியில் அவர் கஷ்டப்படவில்லையாம். உன் பெயரைச் சொல்லி, "அந்தப் பொண்ணு கையால ஒரு டீ குடிக்கணும்" என்றாராம். மண்ணறைக்கும் போய் உன் பேரைச் சொல்லி ஃபாத்திஹா ஓதினேன். உன்னை நான் பேசியதெல்லாம் பேசியிருக்கக் கூடாது. இதற்கு மேல் எப்படிக் கேட்பதென்று எனக்குத் தெரியவில்லை.

ஃபக்ரி, நீ மறைத்தாய் என்று கத்த எனக்கு யோக்கியதை இல்லை. முன்தர் தூங்கிக்கொண்டிருக்கவில்லை. ஜனவரியில் பிடித்துக்கொண்டு போனார்கள். இப்போது பாலைவனத்தில் கூடாரச் சிறையில் இருக்கிறான். யாரையும் பார்க்க விடுவதில்லை. கல்லெறிந்தானா என்று கேட்கிறார்கள். எறிந்தானோ இல்லையோ, எனக்குத் தெரியாது. என்னிடம் சொல்கிற வயசா அது? உன் உடம்புக்கு என்னவோ என்று நான் பயந்துகொண்டிருந்தபோது இதை உன் தலையில் எப்படி வைப்பது?

இப்போது கேள். உன்னைப் பார்க்க எல்லை தாண்டும் அனுமதி கேட்டிருந்தேன். கிடைத்துவிட்டது. ஜூன் இரண்டாம் வாரம், அந்த ஒரு வாரம்தான் செல்லும். நேற்று வக்கீல் வந்தார். முன்தரை காஸாவில் ராணுவ நீதிமன்றத்துக்குக் கொண்டுவருகிறார்கள். அதே வாரம். என்னை உள்ளே விட்டால் அவன் முகத்தையாவது பார்க்கலாம். தவறவிட்டால் அடுத்தது எப்போது என்று அவருக்கே தெரியவில்லை.

நான் என்ன செய்யட்டும்? படுத்தால் உன் கழுத்து, கண்ணைத் திறந்தால் அவன். ஒரு பெண் இரண்டு பக்கமும் எப்படிப் போவாள்?

நஸ்மிய்யா

•

கனடா முகாம்
19 மே 1988

அக்காவுக்கு,

பெருநாள் வாழ்த்துகள். இன்ஸாஃப் உனக்கென்று பேரீச்சம்பழம் வைத்த மாமூல் பலகாரம் செய்து அபூ ஸப்ரியிடம் கொடுத்திருக்கிறாள். வாயிலில் சிப்பாய்கள் தின்றது போக மிச்சம் உனக்கு.

முன்தர் விஷயம் எனக்கு மார்ச்சிலிருந்தே தெரியும். அபூ ஸப்ரிக்கு வயிற்றில் ஒன்றும் தங்காது. நீ சொல்லாததால் நானும் கேட்கவில்லை. நாம் இரண்டு பேரும் அந்தக் கோழிக்கூண்டுப் பிள்ளைகள்தான் இன்னமும்.

கேட்டாயே, சொல்கிறேன். காஸாவுக்குப் போ. இங்கே வராதே. என்னைப் பார்க்க வந்தால் என்ன பார்ப்பாய்? சட்டைக் காலரை மேலே இழுத்துவிட்டுக்கொண்டு ஒரு மனிதன் உட்கார்ந்திருப்பான், சிலேட்டில் எழுதிக் காட்டுவான். நீ முழு வாரமும் அழுவாய், நான் அந்த வாரம் முழுக்க அதைப் பார்க்க வேண்டும். அவன் பத்தொன்பது வயசுப் பையன். அந்த அறையில் அத்தனை சீருடைகளுக்கு நடுவில் அவன் திரும்பிப் பார்க்கும்போது ஒரு முகமாவது அவனுடையதாக இருக்க வேண்டும். அப்பா போனபோது நாம் பலகை இடுக்கில் இருந்தோம். நீ இந்த முறை முன்னால் போய் நில். கத்தத் தோன்றினால் கத்து.

போய்வந்த வெள்ளிக்கிழமை வேலிக்கு வா. நான் வருகிறேன்.

ஃபக்ரி

•

கனடா முகாம்
18 ஜூன் 1988

என் அக்காவுக்கு,

ஸலாம். நேற்று வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டாயா? முழங்காலுக்கு எண்ணெய் போட்டாயா? அவ்வளவு நேரம் வெயிலில் நின்றுவிட்டாய்.

உன்னை நான் பார்த்துவிட்டேன், நீ என்னை அடையாளம் காண்பதற்கு முன்பே. இளைத்துவிட்டேன், தெரியும். எடை கூடியதாக எழுதியது ஆஸ்பத்திரிக் கஞ்சியை நம்பி. நீ சொன்னதெல்லாம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. "ஆறு மாசம் போட்டுட்டாங்கடா! நல்லாத்தான் இருக்கான்! மீசை வச்சிருக்கான்டா, உன்னை மாதிரியே!" காது ஒன்றும் கெடவில்லை எனக்கு. அவன் கூண்டிலிருந்து திரும்பி, "அம்மா, யாரு உன்னைக் கூட்டிட்டு வந்தா?" என்று கேட்டானாமே.

இன்ஸாஃப் கத்தப்போகிறாள் என்று எனக்கே தெரியாது. சிலேட்டில் "அழ வேண்டாம் என்று சொல்" என்று எழுதி அவளிடம் காட்டினேன், யாராவது ஆம்பளையிடம் கொடுப்பாள் என்று. அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அக்கா! நீங்க அழுதா பார்க்கச் சகிக்கல, மூஞ்சியைத் துடைங்கன்னு சொல்றாரு!" என்றாள். நீ உடனே, "அவன் அப்படிச் சொல்லியிருக்க மாட்டான், அது நீதான்டீ!" என்றாய். "நானேதான்!" என்றாள். இரண்டு பக்கமும் சிரித்த சிரிப்பில் கோபுரத்துச் சிப்பாய் எட்டிப் பார்த்தான். அதற்குப் பிறகு உம்மு ஜாபிருடைய மகள் வந்து, "இன்ஸாஃப், எனக்கும் ஒண்ணு கத்து" என்றாள். அப்புறம் இன்னொருத்தி. இன்று காலையில் அவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டுவிட்டது. நானும் அவளும் ஆளுக்கொரு சிலேட்டோடு உட்கார்ந்திருக்கிறோம்.

இதெல்லாம் நீ பார்த்தது. வேலியில் கத்த முடியாத ஒன்று இருக்கிறது. உனக்கு நேராகவே எழுதுகிறேன். கழுத்தின் மறுபக்கத்தில் இன்னொரு கட்டி வந்திருக்கிறது. நாளை கெய்ரோவுக்குக் கூட்டிப்போகிறார்கள். கதிர்வீச்சுச் சிகிச்சை கொடுத்துப் பார்ப்போம் என்கிறார்கள். பார்ப்போம் என்றால் என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. இதை இன்ஸாஃபிடம் எழுதிக் காட்டவில்லை, உனக்குத்தான் எழுதுகிறேன்.

மறுபடி அனுமதிக்கு மனு போடு. இந்த முறை கெய்ரோ என்று எழுது. கிடைத்தால் தள்ளிப்போடாதே.

அடுத்த வெள்ளி நான் இருக்கமாட்டேன். இன்ஸாஃப் வருவாள். அவளோடு பேசு, பூசணியைப் பற்றிக்கூடப் பேசு. மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு வரச் சொல்லியிருக்கிறேன், அப்போதுதான் கடல்காற்று குறையத் தொடங்கும். முழுதாக நிற்கும்வரை நீ கொஞ்சம் சத்தமாகவே கத்து. காற்றில் எப்படிக் கேட்பதென்று அவளுக்கு இன்னும் பழகவில்லை.

உன்
ஃபக்ரி